நைனா பெயரில் போன கடிதம்

அக்கா,

இன்று காலை உன் விழுப்புரம் வீட்டு அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். மேல்தட்டில், புடவைகளுக்குப் பின்னால், ஒரு வட்டத் தகர டப்பா கையில் பட்டது. டைப்ரைட்டர் ரிப்பன் வைத்து விற்பார்களே, அந்த டப்பா. உள்ளே சில பித்தான்களும் இரண்டு ஊசிகளும்தான். ஆனாலும் மூடியைத் திறந்ததும் அந்த மை வாசனை லேசாக எழுந்து வந்தது. எண்ணெயும் கரியும் கலந்த வாசனை. அப்படியே உன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம் ஒரு வேலையும் ஓடவில்லை.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இப்போது எழுதுகிறேன். படிக்க நீ இல்லை என்பதால்தான் எழுத முடிகிறது. அதுவும் எனக்குத் தெரியும்.

பட்டணத்துக் கல்லூரியில் முதல் வருஷத்தை முடித்துவிட்டு நான் செஞ்சிக்கு வந்த சித்திரை அது. நீ தை மாதமே வந்துவிட்டிருந்தாய், ஒரு டிரங்குப் பெட்டியோடு, தனியாக. "ஒடம்பு சரியில்ல, கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாய். கொஞ்ச நாள் மூன்று மாதமாகிவிட்டது. உன் இடது கைச் சுண்டுவிரல் கோணிக் கிடந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாய். நாங்கள் நம்பினோம். நம்புவது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது.

நான் வந்த மறுநாளே நைனா என்னை மண்டிக்குக் கூப்பிட்டனுப்பினார். வேர்க்கடலை மண்டி அது. மல்லாட்டை மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருக்க வேண்டிய காலம். பாதி இடம் வெறும் தரையாகக் கிடந்தது.

"ரெண்டு வருஷமா ஏரி நெறையலடா. மூட்டை எங்கேர்ந்து வரும்? அக்காவ வூட்டுல வச்சிக்கினு உன்னியும் பட்டணத்துல வச்சிப் படிக்க வைக்க என்னால ஆவாது. ஆனில காலேஜ் தொறந்தா போவாத. கடையப் பாத்துக்க."

"அக்கா அவங்க வூட்டுக்குப் போயிட்டா?" என்று கேட்டேன்.

நைனா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அது தானா போவணும். பெத்த அப்பன் என் வாயால போன்னு சொல்லமாட்டேன்" என்றார்.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. கல்லூரி நூலகத்தில் ஜன்னலோரமாக ஒரு மேசை இருந்தது. அதில் இனி உட்கார முடியாது என்பதைத் தவிர வேறு எதுவும் என் தலையில் ஏறவில்லை. நைனாவின் வியாபாரக் கடிதங்களைப் பன்னிரண்டு வயதிலிருந்து நான்தான் எழுதுவேன். வெளியூர்க்காரர்களுக்கு என் கையெழுத்துதான் நைனாவின் கையெழுத்து. அன்று பிற்பகல் நைனா சாப்பிடப் போன நேரத்தில் மூட்டைமேல் உட்கார்ந்து உன் வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினேன். "மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். பெண் இங்கே உங்கள் நினைவாகவே இருக்கிறாள். நல்ல நாள் பார்த்து வந்து அழைத்துப் போகவும்." கீழே நைனாவின் பெயரைப் போட்டேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, திரும்பும்போது ஒரு சோடாவும் குடித்தேன். அவ்வளவு லேசாக இருந்தது மனது.

அதற்குப் பிறகுதான் அந்தக் கோடை தொடங்கியது.

படிப்பு நின்றாலும் கைக்கு ஒரு தொழில் இருக்கட்டும் என்று நைனா என்னை டைப்ரைட்டிங் வகுப்பில் சேரச் சொன்னார். சைக்கிள் கடை மாடியில் புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். நான்கு மெஷின், ஒரு வாத்தியார். முதல் நாள் காலையில் நான் கிளம்பும்போது நீ வாசற்படியில் வந்து நின்றாய்.

"நானும் வரட்டுமாடா?"

பள்ளி இறுதித் தேர்வில் என்னைவிட நீதான் நிறைய மார்க் வாங்கியவள். அந்த வருஷமே உனக்குக் கல்யாணம் செய்துவிட்டார்கள். கல்லூரிக்கு மனு வாங்கியது எனக்கு மட்டும்தான். அதெல்லாம் அந்த வாசற்படியில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. கடிதம் போய்ச் சேர்வதற்குள் நீ எத்தனை நாள் வகுப்புக்கு வந்துவிடப் போகிறாய் என்றுதான் நினைத்தேன். "வாயேன்" என்றேன்.

உன் வகுப்புச் சம்பளத்துக்கு நைனாவிடம் கேட்கக் கூடாது என்று நீ பிடிவாதமாக இருந்தாய். சிங்கவரத்திலிருந்து ஒருவர் விதை மல்லாட்டை மூட்டைகளைக் கொண்டுவந்து போட்டார். விதைக்கு மெஷினில் உடைக்கக் கூடாது, பருப்பு அடிபடும். கையால்தான் உரிக்க வேண்டும். தோட்டத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து உரித்தோம். விரல் நுனியெல்லாம் தோல் போய்ச் சிவந்துவிடும். மறுநாள் காலையில் அதே விரல்களால் மெஷினைத் தட்டும்போது ஒவ்வொரு எழுத்தும் சுரீரென்றது. நான் கோட்டை பார்க்க வருகிறவர்களை ராஜகிரிக்கு அழைத்துப் போனேன். தண்ணீர்க் குடத்தைச் சுமந்துகொண்டு, வாயில் வந்த சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டு ஏறுவேன். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுத்தேன். சில மனுக்களை நீ வகுப்பு முடிந்ததும் மெஷினில் அடித்துத் தருவாய். "இந்த ஆளுக்கு பட்டா கெடைக்குமாடா?" என்று நம் சொந்த நிலம் போலக் கவலைப்படுவாய்.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள் பெருங்காற்று அடித்து வேப்பமரக் கிளை முறிந்தது. கிளையோடு ஒரு கூடும் விழுந்தது. கண் திறக்காத மூன்று அணில் குஞ்சுகள். நீ அவற்றைப் புடவைத் தலைப்பில் அள்ளி வந்தாய். பஞ்சைத் திரியாக உருட்டி, பாலில் நனைத்து, ஒவ்வொன்றின் வாயிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இரண்டாம் நாள் ஒன்று செத்துப்போனது. அன்று நீ மத்தியானம் சாப்பிடவில்லை. மற்ற இரண்டும் பிழைத்துக்கொண்டன. நீ மல்லாட்டை உரிக்கும்போது உன் தோளில் ஏறி, ஜாக்கெட் கைக்குள் புகுந்து தூங்கும். கொஞ்ச நாளில் பஸ்ஸில் அடிபட்டுக் கிடந்த ஒரு செவலை நாய்க்குட்டியையும் எடுத்து வந்தாய். மூங்கில் சிம்பு வைத்து அதன் காலைக் கட்டினாய்.

"நாய வாசப்படிக்கு உள்ள வுடாத" என்று நைனா சத்தம் போட்டார். ஆனால் விளக்கு வைப்பதற்குள் சாப்பாட்டை முடித்துவிடும் வீடு நம்முடையது. அதற்கப்புறம் அந்தக் குட்டி பசியில் கத்தக் கூடாதென்று அவரே பொழுதோடு ஒரு உருண்டை சோற்றை இலையில் வைத்துத் தோட்டத்துப் பக்கம் கொண்டுபோவதை நான் பார்த்தேன்.

அந்த நாட்களில் நீ சிரிக்க ஆரம்பித்திருந்தாய். கல்யாணத்துக்கு முன்னால் கேட்ட சிரிப்பு. அது கேட்கும்போதெல்லாம் தபால்காரர் வரும் நேரமா என்று தெருவைப் பார்ப்பேன்.

ஒரு காலை வாத்தியார் உன் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "ஏம்மா, எல்லா எழுத்தும் கறுப்பா உழுது. ஏ மட்டும் இருக்குதா இல்லியான்னே தெரியல. சுண்டுவெரல்ல பலம் குடு."

இங்கிலீஷ் ஏ எழுத்துக்கு இடது கைச் சுண்டுவிரல். நீ மறுபடி அடித்தாய். மறுபடி, மறுபடி. தாள் முழுக்க அந்த ஒரே எழுத்து. உதட்டைக் கடித்துக்கொண்டு நீ அடிப்பதையும் உன் கண் நிறைவதையும் அடுத்த மெஷினிலிருந்து பார்த்தேன். அன்று மத்தியானம் வேப்பமரத்தடியில் கேட்டேன்.

"கெணத்தடியில உழுந்தா வெரலு இப்பிடியா ஒடியும்?"

நீ அணிலுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாய். தலை நிமிராமல் சொன்னாய். "கதவிடுக்குல வச்சி சாத்திட்டாரு."

"யாரு, உன் வூட்டுக்காரரா?" என்று கேட்டேன்.

"நைனாவுக்கு லெட்டர் எழுதிக்கினு இருந்தேன். வந்து இட்டுக்கினு போ நைனான்னு. பாத்துட்டாரு. எந்தக் கையால எழுதறேன்னுகூட பாக்கல. ஆப்ட்ட கைய வச்சி சாத்திட்டாரு." திரியை மறுபடி பாலில் நனைத்தாய். "அது மொத தடவ இல்ல. வெரலு போனது மொத தடவ."

"நைனாகிட்ட சொல்லுக்கா."

"சொன்னா இன்னா ஆவும்? நான் இங்கியே தங்கிட்டேன்னு ஆயிடும். உன் படிப்ப நிறுத்திடுவாரு. நீ ஆனில பட்டணம் போயிடு. அப்பறம் சொல்லிக்கிறேன். அதுக்குள்ள டைப்பு வந்துட்டா எங்கனா வேலைக்குப் போயிடுவேன்." பிறகு என்னைப் பார்த்து, "யார்கிட்டயும் சொல்லாத, இன்னா?" என்றாய்.

என் படிப்புக்காக நீ வாயை மூடிக்கொண்டிருந்தாய். அதே படிப்புக்காக நான் உன்னை அழைத்துப் போகச் சொல்லி எழுதி அனுப்பியிருந்தேன்.

அன்றே தபால் ஆபீசுக்கு ஓடினேன். அங்கிருந்தவர் சிரித்தார். "மாசக் கணக்காவுது, இப்ப வந்து கேக்கற. அது எப்பவோ போய்ச் சேந்துட்டிருக்கும்பா."

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், கோட்டைக்கு ஆள் வருகிறார்கள் என்று பொய் சொல்லிவிட்டு உன் புருஷன் ஊருக்கு பஸ் ஏறினேன். நான்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன், நைனாவுக்கு ஒன்றும் தெரியாது, யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவதாகத்தான் போனேன். வழியெல்லாம் அந்த வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

அவர் வாசலுக்கே வந்து என்னை வரவேற்றார். "வா வா. உங்க நைனா லெட்டர் போட்டிருந்தாரே. அறுப்பு வேல முடியட்டும்னு இருந்தோம். வைகாசி முடியறதுக்குள்ள நாள் பாத்து வந்துடறோம்னு சொல்லு." நல்ல வெயிலில் வந்திருக்கிறேன் என்று மோர் கொடுக்கச் சொன்னார். எனக்கு நேர் எதிரே உள்ளறைக் கதவு இருந்தது. ஒற்றைப் பலகையில் செய்த கனமான கதவு. அதன் இடுக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை. இலை போட்டார்கள். சாப்பிட்டேன், அக்கா. புடலங்காய்க் கூட்டு. இரண்டாம் முறை சோறு கேட்டுக்கூட வாங்கிக்கொண்டேன்.

சுவரில் ஒரு கொக்கிக் கம்பியில் கடிதங்களைக் குத்தி வைத்திருந்தார்கள். அவர் கை கழுவப் போனபோது என் எழுத்தைத் தேடி உருவி, சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். திரும்பி வரும்போது, காய்ந்து கிடந்த ஆற்றுப் பாலத்தின்மேல் பஸ் போகையில் அதைக் கிழித்து ஜன்னல் வழியாக விட்டேன். அவர்கள் வருவதை நிறுத்த என்னால் முடியவில்லை. நான்தான் எழுதினேன் என்பதற்கான அடையாளத்தை மட்டும் அழிக்க முடிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. ராஜகிரி உச்சியில் நின்று, வந்தவர்களுக்குக் களஞ்சியத்தையும் கல்யாண மகாலையும் காட்டிக்கொண்டே, கீழே ரோட்டில் ஊர்ந்து வரும் பஸ்ஸைப் பார்ப்பேன். இதில் இருப்பார்களா, அடுத்ததில் இருப்பார்களா. உன்னிடம் சொல்ல நாலு முறை வாயெடுத்தேன். ஒரு முறை நீ, "இன்னாடா, காலேஜ் நெனப்பா?" என்று கேட்டுச் சிரித்தாய். ஆமாம் என்றேன். அணில்கள் இரண்டும் அந்த வாரம் மரமேறி, திரும்பி வராமல் போய்விட்டன. நீ அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாய். "பொழச்சிக்கும்" என்றாய்.

வைகாசிக் கடைசியில் ஒரு காலை வந்தார்கள். அவரும் அவருடைய அண்ணனும், ஒரு கூடைப் பழத்தோடு. நைனா மண்டியிலிருந்து அவசரமாக வந்தார். அம்மா பாய் விரித்தாள். நீ சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தாய். உன் முகத்தில் ரத்தமே இல்லை.

"நீங்க லெட்டர் போட்டதும் ஒடனே வந்திருக்கணும் மாமா. லேட்டாயிடுச்சு" என்றார் உன் வீட்டுக்காரர்.

"நான் எங்க லெட்டர்…" என்று தொடங்கிய நைனா நிறுத்தினார். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் உண்மையைச் சொல்ல அவர் ஒரு மூச்சு நேரம் விட்டார். நான் சொல்லவில்லை.

"ஆமா. போட்டேன்" என்றார்.

"நைனா, நீயா?" என்று கேட்டாய். உன் குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது. நீ நேராகக் கூடத்துக்கு வந்தாய். இடது கையை அவர் முன்னால் நீட்டினாய்.

"அப்ப இதையும் பாத்துட்டு அனுப்பு. கெணத்தடியில உழல. உனக்கு லெட்டர் எழுதினதுக்குக் கதவுல வச்சி சாத்தினது."

நைனா அந்த விரலைப் பிடித்தார். குழந்தையின் விரலை நிமிர்த்துவது போல மெல்ல நிமிர்த்திப் பார்த்தார். அது நிமிரவில்லை. வந்த அண்ணன்காரர், "குடும்பம்னா நாலு இருக்கத்தான் செய்யும்…" என்று ஏதோ ஆரம்பித்தார்.

"எழுந்திருங்க" என்றார் நைனா. அவர் குரல் உயரவே இல்லை. "பழத்த எடுத்துக்கினு போங்க. பொண்ணு வரமாட்டா. இன்னிக்கில்ல, என்னிக்கும்."

அவர்கள் சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். நீ தோட்டத்துப் பக்கம் போய் உட்கார்ந்தாய். நான் பின்னாலேயே வந்தேன்.

"நைனா சொல்லித்தான எழுதின?" என்று கேட்டாய்.

நான் தலையசைத்தேன்.

"அவரு சொன்னா நீ எழுதித்தான ஆவணும். நீ இன்னா பண்ணுவ" என்று சொல்லி என் தலையைத் தடவிக் கொடுத்தாய். அப்புறம்தான் அழுதாய். என் தோளில் சாய்ந்து அழுதாய்.

ஆனியில் நான் கல்லூரிக்குப் போனேன். நைனா மண்டியைப் பாதியாகத் தடுத்து வாடகைக்கு விட்டு என்னை அனுப்பினார். அந்தக் கடிதத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நீ ஏ எழுத்துக்கு மோதிர விரலைப் பழக்கிக்கொண்டாய். பரீட்சை தேறி, முதலில் திண்டிவனத்தில் ஒரு வக்கீலிடம், பிறகு விழுப்புரத்தில் கோர்ட்டு வேலை. வீட்டை விட்டுப் போன நாளில் நைனாவிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினாய். அதற்குப் பிறகு பதினோரு வருஷம், அவர் சாகும்வரை, அவரோடு பேசவில்லை.

எனக்கு எழுதும் கடிதங்களில் மட்டும், கடைசி வரியில், "நாய் எப்படி இருக்கிறது?" என்று கேட்பாய். நான் லீவில் ஊருக்குப் போகும்போது நைனாவிடம் சொல்வேன். அவர் அந்த நொண்டி நாயைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். மண்டிக்குக் கூடவே வருகிறது, மழை வந்தால் மூட்டைமேல் ஏறிப் படுத்துக்கொள்கிறது, இப்போது வாசற்படிக்கு உள்ளேதான் தூங்குகிறது. "எல்லாத்தையும் எழுது" என்பார். நான் எழுதுவேன்.

அவர் படுக்கையில் விழுந்த வருஷம் ஒரு நாள் கேட்டேன். "நைனா, அக்காகிட்ட சொல்லிடட்டுமா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "வாணாம்டா. என்மேல கோவம் இருக்குது, இருந்துட்டுப் போவட்டும். உன்மேலயும் வந்துட்டா அதுக்கு அப்பறம் யாருடா இருக்கறாங்க?"

நீ அவர் சாவுக்கு வந்தாய். ஓரமாக நின்றாய். அழவில்லை. அம்மா உன்னைப் பார்த்து, "கல்நெஞ்சு" என்றாள். அப்போதும் நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

நைனாவின் பேச்சைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலில் கொஞ்ச நாள் அது உண்மையாகக்கூட இருந்திருக்கலாம். பிறகு நான் காப்பாற்றியது என்னைத்தான்.

ஆஸ்பத்திரியில் கடைசிக்கு முந்தின நாள் நீ கேட்டாய். "கடைசி காலத்துல நைனா என்னிய நெனச்சிருப்பாராடா?"

"நெனச்சாருக்கா. தெனமும் நெனச்சாரு."

"அப்ப ஏன் அந்த லெட்டர எழுதினாரு?"

நான் உன் போர்வையைச் சரிசெய்தேன். தண்ணி வேணுமா என்று கேட்டேன். நீ வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். மறுநாள் மத்தியானம் வரை நீ இருந்தாய். இருபது மணி நேரம் எனக்கு இருந்தது.

நைனா எழுதவில்லை, அக்கா. நான் எழுதினேன்.

அந்தக் கோடைக்குப் பிறகு நீ என்னிடம் காட்டிய பிரியத்துக்கு அளவே இல்லை. பொங்கலுக்கு வேட்டி எடுத்து அனுப்பினாய். என் பிள்ளைகளை மடியில் போட்டு வளர்த்தாய். எனக்குக் காய்ச்சல் என்றால் ஆபீசுக்கு லீவு போட்டு ஓடி வந்தாய். நைனாவுக்குப் போக வேண்டியதையும் சேர்த்து நீ எனக்கே கொடுத்துக்கொண்டிருந்தாய் என்பது ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரிந்தது. தெரிந்தே வாங்கிக்கொண்டேன். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உரியவரிடம் சேர்க்க அவரும் இல்லை, திருப்பித் தர நீயும் இல்லை.